ஹார்ப் மரபு அறுந்துச்சா? – ஒரு கடிதமும் பதிலும்

அன்புள்ள அக்கா,

போன மாசம் ஐரிஷ் ஹார்ப் (நம்ம யாழ் மாதிரி, அயர்லாந்தோட மீட்டு கருவி) பத்தி நீங்க எழுதுனத படிச்சேன். "ஆயிரம் வருஷமா அறுபடாம வர்ற மரபு"ன்னு அதுல ஒரு வரி இருந்துச்சு. அப்புறம் நானே கொஞ்சம் தேடிப் பாத்தேன். பழைய ஹார்ப்புல பித்தளைக் கம்பி, நகத்தால வாசிச்சிருக்காங்க. இப்ப மேடைல பாக்குற ஹார்ப்புல நைலான் நரம்பு, விரல் நுனியால வாசிக்கிறாங்க. கருவியும் வேற, கையும் வேற. பழைய வாசிப்பு 19ஆம் நூற்றாண்டுலயே நின்னுபோச்சுன்னு வேற போட்டிருக்கு. அப்படின்னா 2019ல யுனெஸ்கோ எதை வாழும் மரபுன்னு பட்டியல்ல சேத்தாங்க? தப்பா கேட்டிருந்தா மன்னிச்சுக்கோங்க.

இப்படிக்கு,
ஒரு வாசகர், திருச்சி

அன்புள்ள தம்பி,

இதுல மன்னிப்பு கேக்க ஒண்ணுமில்ல, நீங்க சொன்னது சரி, அந்த வரி தப்பு. அறுந்துச்சு. அந்தக் கட்டுரையில திருத்திட்டேன். ஆனா எங்க அறுந்துச்சு, எது அறுந்துச்சுன்னு பாத்தா விஷயம் நீங்க நினைக்கிறத விட பெருசு, அதனால கொஞ்சம் நீளமாவே எழுதுறேன்.

முதல்ல அந்தப் பழைய கருவிய பத்தி. டப்ளின் ட்ரினிட்டி காலேஜ் லைப்ரரில கண்ணாடிப் பெட்டிக்குள்ள ஒரு ஹார்ப் இருக்கு, அயர்லாந்து காசுல இருக்குற சின்னம் அதைப் பாத்து வரைஞ்சதுதான். 1014ல செத்துப்போன ராஜா பிரையன் போரு பேர்ல அதை கூப்பிடுவாங்க, ஆனா அது அவர் காலத்துக்கு முன்னூறு நானூறு வருஷம் பிந்தியது. நான் முதல் தடவை பாத்தப்ப இவ்வளவு சின்னதான்னுதான் தோணுச்சு, என் இடுப்பு உயரம்கூட இல்ல. வில்லோ மரத்துல ஒரே கட்டையா பின்பக்கத்துல இருந்து குடைஞ்ச உடம்பு, 29 கம்பி, கம்பி வெளிய வர்ற ஒவ்வொரு ஓட்டைக்கும் பித்தளைத் தகடு, இல்லன்னா கம்பி இழுக்குற இழுப்புக்கு மரம் கிழிஞ்சுடும். இத இடது தோள்ல சாய்ச்சு வச்சு, மேல் ஸ்வரத்த இடது கையிலயும் கீழ் ஸ்வரத்த வலது கையிலயும் வாசிச்சாங்க. இப்ப இருக்குற ஹார்ப்புக்கு அப்படியே தலைகீழ்.

பித்தளைக் கம்பி என்ன பண்ணும்னு எனக்கு ரொம்ப நாள் புரியல. அயர்லாந்துல ஒரு ஹார்ப் டீச்சர் தன்னோட கம்பி ஹார்ப்ப என் தோள்ல சாய்ச்சு வச்சு ஒரு கம்பிய மட்டும் நகத்தால தொடச் சொன்னாங்க. தொட்டேன், அது நிக்கவே இல்ல, கோயில் மணி மாதிரி ரீங்காரம் போய்க்கிட்டே இருக்கு, அது அடங்குறதுக்குள்ள அடுத்த கம்பிய தொட்டா ரெண்டும் ஒண்ணுமேல ஒண்ணு ஏறி குழம்பிடுது. அவங்க என் விரலப் பிடிச்சு, புதுக் கம்பிய தொட்ட அடுத்த நொடி பழைய கம்பி மேல அந்த விரல வச்சு அடக்கினாங்க. உடனே பாட்டு தெளிவாயிடுச்சு. எந்தக் கம்பிய விடணும், எதை அடக்கணும், எப்ப அடக்கணும்ங்குறதுதான் இந்த வாசிப்புல பாதி வித்தை. இதை எழுதி வைக்கிறது கஷ்டம், பக்கத்துல உக்காந்து பாத்துதான் கத்துக்கணும்.

இந்த வித்தைக்கு சோறு போட்டது பழைய கேலிக் (அயர்லாந்தோட சொந்த மொழி, பண்பாட்டுக்காரங்க) குறுநில மன்னர்களோட வீடுங்க. 1607ல வடக்குல இருந்த பெரிய தலைவர்கள் நாட்ட விட்டே கப்பல் ஏறிப் போனாங்க, அதுக்கப்புறம் அந்த உலகம் கொஞ்சம் கொஞ்சமா சரிஞ்சுது, ஹார்ப் வாசிக்கிறவங்க குதிரையில ஊர் ஊரா பெரிய வீடுகளத் தேடிப் போக ஆரம்பிச்சாங்க. அம்மை நோயில பார்வை போன பசங்களுக்கு ஒரு பொழைப்பு வேணும்னு ஹார்ப் கத்துக்குடுக்குறதும் வழக்கமாச்சு. டர்லா ஓ கரோலன் (1670–1738) அப்படித்தான், 18 வயசுல கண்ணு போச்சு, மெக்டெர்மட் ரோங்குற பெரிய குடும்பத்து வீட்டம்மா அவருக்கு ஹார்ப் கத்துக்க ஏற்பாடு பண்ணி, அப்புறம் குதிரையும் காசும் வழிகாட்ட ஒரு ஆளும் குடுத்து அனுப்புனாங்க. அவர் போட்ட மெட்டு 200க்கும் மேல இன்னைக்கும் மிச்சமிருக்கு. கடைசில அதே அம்மா வீட்டுக்குத் திரும்பி வந்துதான் செத்தார்.

இப்ப நீங்க கேட்ட இடத்துக்கு வர்றேன். 1792 ஜூலைல பெல்ஃபாஸ்ட்ல மிச்சமிருந்த ஹார்ப் கலைஞர்கள கூப்பிட்டு ஒரு கூட்டம் போட்டாங்க. வந்தது 10 ஐரிஷ்காரங்க, கூட ஒரு வேல்ஸ்காரர். பாதிக்கும் மேல பார்வையில்லாதவங்க. ஒரே ஒரு பொம்பளை, ரோஸ் மூனி, அவங்களுக்கும் பார்வை இல்ல. வாசிக்கிறத குறிச்சு வைக்க எட்வர்ட் பன்ட்டிங்னு 19 வயசு ஆர்கன் வாசிக்கிற பையன உக்கார வச்சாங்க. வந்ததுல மூத்தவர் டெனிஸ் ஹெம்ப்சன், அவங்க கணக்குப்படி 97 வயசு. நீளமா வளர்த்த வளைஞ்ச நகத்தால வாசிச்சது அவர் ஒருத்தர் மட்டும்தான்னு பன்ட்டிங்கே எழுதி வச்சிருக்கார். யோசிச்சுப் பாருங்க தம்பி, இன்னைக்கு நாம பழைய மரபுன்னு தேடுற அந்த நக வாசிப்பு 1792லயே ஒரே ஒரு கிழவர்கிட்டதான் இருந்திருக்கு, மத்தவங்க ஏற்கனவே மாறிட்டாங்க.

பன்ட்டிங் அப்புறம் மெகில்லிகன்ல ஹெம்ப்சன் வீட்டுக்கே போய் உக்காந்து கேட்டார். ஸ்ருதி சேந்திருக்கான்னு பாக்க வாசிக்கிற ஒரு பழைய முன்னிசைய வாசிச்சுக் காட்டுங்கன்னு கேட்டா கிழவருக்கு மனசே வரல, வாசிச்சு என்ன ஆகப்போகுது, இன்னைக்கு யாருக்கும் புரியாது, இப்ப ஹார்ப் வாசிக்கிறவங்களுக்கே புரியாதுன்னு சொல்லியிருக்கார். இதப் படிச்சா எனக்கு இன்னும் தொண்டை அடைக்கும். அவர் 1807 வரைக்கும் இருந்தார். அவர் ஹார்ப் இப்பவும் இருக்கு, 1702ல செஞ்சது. நோவா காலத்துல நான் பச்சையா இருந்தேன், வெள்ளத்துக்கப்புறம் யார் கண்ணுலயும் படல, கோர்மக் ஓ கெல்லி மண்ணுக்கடில இருந்து எடுத்தான்னு அந்த ஹார்ப்பே பேசுற மாதிரி அதுல பாட்டு செதுக்கியிருக்காங்க, ஏன்னா சதுப்பு நிலத்துல புதைஞ்சு கிடந்த மரத்துல செஞ்சது.

பன்ட்டிங் மேல எனக்கு நன்றியும் உண்டு, வருத்தமும் உண்டு. 1796, 1809, 1840ன்னு மூணு புத்தகம் போட்டார், அவர் இல்லன்னா அந்த மெட்டெல்லாம் காத்தோட போயிருக்கும். ஆனா அச்சுல போட்டது பியானோவுக்கு, கீழ் ஸ்வரம் வாசிக்கிற கையோட பகுதிய தானா சேத்துக்கிட்டார். மெட்டு தப்பிச்சுது, கை வாசிச்ச விதம் போயிடுச்சு.

அதைக் காப்பாத்தவும் முயற்சி நடந்துச்சு. பெல்ஃபாஸ்ட்ல பார்வையில்லாத பசங்களுக்கு 1808ல ஒரு பள்ளிக்கூடம் தொடங்கி சீக்கிரமே காசில்லாம மூடிட்டாங்க. 1819ல மறுபடி தொடங்குன பள்ளிக்கூடத்துக்கு பணம் வந்தது இந்தியாவுல இருந்த ஐரிஷ்காரங்ககிட்ட இருந்து! அந்தப் பணமும் தீந்து 1839ல அதுவும் நின்னுச்சு. அந்தப் பள்ளிக்கூடத்துல படிச்ச பாட்ரிக் பர்ன், போர்வைய போத்திக்கிட்டு ஹார்ப்போட உக்காந்திருக்குற போட்டோ 1845ல எடின்பரோவுல எடுத்தது. அவர் 1863ல செத்தார். நீங்க சொல்ற அறுந்த இடம் இதுதான்.

இப்ப நைலான் ஹார்ப். 1819 வாக்குல ஜான் ஈகன்னு டப்ளின்காரர் ஒருத்தர் சின்னதா, கையில தூக்கிட்டுப் போற மாதிரி, ஆட்டுக்குடல் நரம்பு போட்ட ஹார்ப் செஞ்சு வித்தார். இன்னைய ஹார்ப் அந்தக் குடும்பம், நரம்புதான் இப்ப பெரும்பாலும் நைலான். அதை காப்பாத்துனது கான்வென்ட்டுங்க. கன்னியாஸ்திரிகள் பொண்ணுங்களுக்கு பாட்டோட சேத்து சொல்லிக்குடுத்தாங்க, டப்ளின் பக்கத்துல சயன் ஹில் கான்வென்ட்ல இருந்துதான் 1950கள்ல மேரி ஓஹாரா மாதிரி பாடகிங்க வந்தாங்க. இத வரவேற்பறை சங்கீதம், பொண்ணுங்க விளையாட்டுன்னு ஒதுக்குனவங்க அப்பவும் உண்டு, இப்பவும் உண்டு, எனக்கு அது சுத்தமா பிடிக்காது. ஆம்பளைங்க யாரும் திரும்பிப் பாக்காத நூறு வருஷம் அந்தக் கருவிய வீட்டுல உசுரோட வச்சிருந்தது இவங்கதான். 1970கள்ல கார்க் பக்கத்துப் பொண்ணு மோய்ர நி காஹசி அதே ஹார்ப்புல ரீல், ஜிக்னு வேகமான நடன மெட்ட ஐரிஷ் பைப் (பையில காத்த அடைச்சு வாசிக்கிற குழல்) வாசிக்கிற நுணுக்கத்தோட கொண்டு வந்தாங்க, அதுக்கு முன்னாடி ஹார்ப்புல இது முடியாதுன்னுதான் பலரும் சொல்லிட்டிருந்தாங்க.

கம்பி ஹார்ப்பும் திரும்ப வந்துச்சு. 2002ல ஷிவோன் ஆம்ஸ்ட்ராங் தொடங்குன சங்கம் கில்கென்னில கோடை வகுப்பு நடத்துது, பழைய ஹார்ப்புகள அளவெடுத்து அதே மாதிரி செஞ்சு குடுக்குறாங்க, பன்ட்டிங்கோட அச்சுப் புத்தகத்த ஒதுக்கிட்டு பெல்ஃபாஸ்ட் குவீன்ஸ் யுனிவர்சிட்டில இருக்குற அவரோட கையெழுத்து நோட்டுகளுக்குப் போறாங்க, ஏன்னா அவசரத்துல கிறுக்குனதுலதான் பியானோ கலப்பு கம்மி. 2019ல யுனெஸ்கோ சேத்ததும் இதெல்லாம் சேத்துதான் தம்பி, கண்ணாடிப் பெட்டிக்குள்ள இருக்குறத இல்ல, இன்னைக்கு சொல்லிக்குடுக்குறவங்களையும் கத்துக்குறவங்களையும்.

கேட்டுப் பாக்கணும்னா கரோலன் மெட்டு ஏதாவது ஒண்ண எடுத்துக்கோங்க, முதல்ல நைலான்ல, அப்புறம் கம்பியில. கம்பி வாசிப்ப ஹெட்போன்ல, சத்தத்த குறைச்சு வச்சு கேளுங்க, ஒரு ஸ்வரம் ஆரம்பிக்கிறத விட அது எங்க அடங்குதுன்னு கவனிங்க. கேட்டுட்டு எழுதுங்க.

அன்புடன்,
அக்கா