ஆனந்தமைடை அளப்பது ஏன் கடினம்?

கேள்வி: கொலஸ்ட்ராலைச் சுலபமாக அளக்கிறார்கள். உடலே உருவாக்கும் ஆனந்தமைடு போன்ற, மிகக் குறைந்த அளவில் இருக்கும் கொழுப்புகளை ரத்தத்தில் அளப்பது மட்டும் ஏன் சிரமம்?

பதில்: அளவைப் பாருங்கள். ஒரு மில்லிலிட்டரில் கொலஸ்ட்ரால் மில்லிகிராம் கணக்கில் இருக்கும். 1992-இல் கண்டறிந்து 'ஆனந்தம்' என்ற சொல்லையே பெயரில் வைத்த இந்தக் கொழுப்போ பெரும்பாலும் ஒரு நானோகிராமுக்கும் (மில்லிகிராமில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு) குறைவு. அதைவிடப் பெரிய தொல்லை, ரத்தம் எடுத்த பிறகும் செல்கள் அதை வெளிவிட்டுக்கொண்டே இருப்பதுதான். குழாயைச் சும்மா மேசையில் வைத்திருந்தாலே அளவு ஏறிவிடும், அதனால் உடனே பனிக்கட்டியில் வைத்து, சீக்கிரம் சுழற்றிச் செல்களைப் பிரித்துவிட வேண்டும். என்னைக் கேட்டால் பாதி வேலை இங்கேதான். அப்புறம், டியூட்டீரியம் (கனமான ஹைட்ரஜன்) ஏற்றிய அதே மூலக்கூறைத் தெரிந்த அளவில் கலப்பார்கள். பிரித்தெடுக்கும்போது இரண்டும் ஒரே விகிதத்தில்தான் வீணாகும், எடை வித்தியாசத்தால் மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டர் (மூலக்கூறுகளை எடையால் பிரித்தறியும் கருவி) இரண்டையும் தனித்தனியாகக் காட்டிவிடும். கலந்த அளவு தெரியும் என்பதால், இரண்டையும் ஒப்பிட்டு ரத்தத்தில் இருந்த அளவைக் கணக்கிட்டுவிடலாம்.