செவ்வாய்ப் படங்களில் தெரியும் நீலம் தண்ணீரா?

இல்லை. பெரும்பாலும் அது கருமணல். கண்ணுக்குத் தெரிவதை அப்படியே காட்டாமல் நிறங்களை மாற்றிப் போட்ட இத்தகைய படங்களைப் போலி நிறப் படங்கள் என்பார்கள். "போலி நிறம் என்றால் படமே பொய்தானே?" என்றும் கேட்டிருக்கிறீர்கள். எனக்கும் அந்தச் சந்தேகம் இருந்தது, கிளிநொச்சிப் பக்கத்து எங்கள் ஊரின் லான்ட்சாட் செய்மதிப் படத்தைப் பார்க்கும்வரை.

காலபோக வயல் முழுக்க இரத்தச் சிவப்பு, குளம் கறுப்பு. குளத்துக்குள்ளும் ஒரு மூலையில் சிவப்பு. என்னவென்று போய்ப் பார்த்தால், தாமரை! பச்சை இலை செங்கீழ்க் கதிரை (இந்தியப் புத்தகங்களில் அகச்சிவப்பு) நன்றாகத் தெறிக்கவிடும். அது நம் கண்ணுக்குத் தெரியாததால், படத்தில் அதற்குச் சிவப்பைக் கொடுத்துவிடுகிறார்கள்.

செவ்வாயை 2006 முதல் சுற்றிவரும் எம்ஆர்ஓ விண்கலத்தின் ஹைரைஸ் கமெராவிலும் இதே வேலைதான். ஏறத்தாழ 300 கிலோமீற்றர் உயரத்திலிருந்து எடுத்தாலும் படத்தின் ஒரு புள்ளி (பிக்சல்) நிலத்தில் 30 சென்ரிமீற்றர் அளவுதான். செங்கீழ், சிவப்பு, நீலப்பச்சை என்று மூன்று வடிகட்டிகள். அவற்றை முறையே சிவப்பு, பச்சை, நீலமாகத் திரையில் போட்டு வேறுபாட்டைக் கூட்டுவார்கள். தூசு செம்மஞ்சளாக வரும், பசால்ட் என்னும் எரிமலைக் கல்லின் மணல் நீலமாக வரும். அந்த மணலை நேரில் பார்த்தால் கருஞ்சாம்பல் நிறம்தான். தூசைவிடச் சிவப்புக் குறைவு, அவ்வளவே. உறைபனியும் இப்படி நீலம் காட்டும் என்பதால் இடத்தையும் பருவத்தையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும்.

பெரிய தலையிடி தூசுதான். சோளகம் வீசும் மாதங்களில் எங்கள் கிரவல் றோட்டோரம் வேம்பு, மதில், கடைப் பலகை எல்லாம் ஒரே செம்மண் நிறம். மேலேயிருந்து பார்ப்பவனுக்கு எது இலை, எது சுவர்? செவ்வாயில் பெரும் பரப்பு இப்படித்தான் கிடக்கிறது. அதனால் காற்று துடைத்த இடங்களையும் பள்ளங்களின் செங்குத்துச் சுவர்களையும் தேடுவார்கள். செவ்வாயைச் சுற்றும் இன்னொரு விண்கலமான மார்ஸ் ஒடிசியின் வெப்பக் கமெரா இரவிலும் படம் எடுக்கும். தூசு சட்டென்று குளிர்ந்துவிடும், பாறை பகல் வெயிலை இரவிலும் வைத்திருக்கும்.

அப்படியும் ஏமாறலாம். செவ்வாயின் குசெவ் என்ற வட்டப் பள்ளத்துக்குள் பெரிய பள்ளத்தாக்கு ஒன்று வந்து திறப்பதைப் பார்த்து, பழைய ஏரி என்று நம்பி 2004 இல் ஸ்பிரிட் ஊர்தியை இறக்கினார்கள். இறங்கிய சமவெளியில் கிடந்தது ஏரி வண்டல் அல்ல, பசால்ட் எரிமலைக் கல்.

அடுத்த முறை நீலம் கண்டால், படத்தின் கீழே ஐஆர்பி (IRB, அதாவது செங்கீழ், சிவப்பு, நீலப்பச்சை) என்று இருக்கிறதா என்று பாருங்கள். நான் மேலே சொன்ன நிறக்கணக்கு அந்த வகைக்குத்தான்.