வரலாறு படிக்கத் தொடங்குபவர் முதலில் எந்த நூலை எடுக்கலாம்?

உலக வரலாறு முழுவதையும் ஒரே தொகுதியில் சொல்லும் தடித்த நூலிலிருந்து தொடங்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். வேண்டாம் என்பதே என் பதில். நானும் அப்படித்தான் தொடங்கினேன். மூன்று முறை எடுத்து, மூன்று முறையும் பேரரசுகளின் பெயர்களுக்கு நடுவே வழி தெரியாமல் மூடி வைத்தேன். அத்தகைய நூல்கள் முடிவுகளைச் சொல்லும்; அவை எந்தச் சான்றிலிருந்து பெறப்பட்டன என்பதைக் காட்ட அவற்றில் இடம் இருப்பதில்லை.

நான் முதலில் பரிந்துரைப்பது, இத்தாலிய வரலாற்றாசிரியர் கார்லோ கின்ஸ்பர்க் 1976இல் வெளியிட்ட, ஆங்கிலத்தில் ‘தி சீஸ் அண்ட் தி வார்ம்ஸ்’ என்ற பெயரில் கிடைக்கும் நூலை. 16ஆம் நூற்றாண்டில் வட இத்தாலியின் ஃப்ரியூலி பகுதியில் மாவு ஆலை நடத்திய மெனோக்கியோ என்பவர், பாலிலிருந்து பாலாடைக்கட்டி திரள்வதுபோல உலகம் திரண்டது என்றும், அதில் புழுக்கள் தோன்றுவதுபோலத் தேவதூதர்கள் தோன்றினார்கள் என்றும் பேசியதற்காகச் சமய விசாரணை மன்றத்தின் முன் இரண்டு முறை நிறுத்தப்பட்டு, இறுதியில் கொல்லப்பட்டார். அந்த விசாரணைப் பதிவுகளே நூலின் அடித்தளம். அவர் படித்த நூல்களைத் தேடியெடுத்து, அவற்றில் உள்ளதையும் அவர் புரிந்துகொண்டதையும் கின்ஸ்பர்க் ஒப்பிட்டுப் பார்க்கிறார். அந்த வேறுபாட்டுக்குப் பின்னால் உழவர்களின் தொன்மையான வாய்மொழி மரபு இருந்தது என்ற அவருடைய முடிவு கடுமையான மறுப்புகளைச் சந்தித்தது. எனக்கும் அதில் ஐயம் உண்டு. ஆனால் ஐயப்படுவதற்கு வேண்டிய சான்றுகளையும் அவரே நம் கையில் கொடுத்துவிடுகிறார் என்பதால்தான் இந்நூலை முதலில் வைக்கிறேன்.

அடுத்ததாக, பிரெஞ்சு வரலாற்றாசிரியர் மார்க் பிளாக்கின் ‘தி ஹிஸ்டோரியன்ஸ் கிராஃப்ட்’ நூலைப் படியுங்கள். இரண்டாம் உலகப் போரில் பிரான்சை ஜெர்மனி ஆக்கிரமித்திருந்த காலத்தில் எழுதப்பட்ட அந்நூல் முற்றுப்பெறவில்லை. எதிர்ப்பியக்கத்தில் சேர்ந்த பிளாக் 1944இல் சுட்டுக் கொல்லப்பட்டார், நூல் 1949இல் வெளிவந்தது. பொய்யான ஆவணமும் அதைப் புனைந்தவரின் காலத்துக்கு நல்ல சான்றுதான் என்று அவர் விளக்கும் பகுதியை நிதானமாகப் படிக்க வேண்டும். பிரிட்டிஷ் வரலாற்றாசிரியர் ஈ. எச். காரின் ‘வாட் இஸ் ஹிஸ்டரி?’ (1961) இதே கேள்விகளைச் சற்று எளிதாகப் பேசுகிறது. இரண்டில் ஒன்றுதான் முடியும் என்றால் பிளாக்கையே எடுத்துக்கொள்ளுங்கள்.

பரந்த உலகச் சித்திரத்துக்கு, நேரு 1930 முதல் 1933 வரை பெரும்பாலும் சிறையிலிருந்து மகளுக்கு எழுதிய 196 கடிதங்களின் தொகுப்பான ‘கிளிம்ப்சஸ் ஆஃப் வேர்ல்டு ஹிஸ்டரி’ இருக்கிறது. நூலக வசதியின்றி எழுதியவர் என்பதை மனத்தில் வைத்து, மற்றவற்றுக்குப் பிறகு அதைத் திறந்தால் போதும்.