பின்வளவுக் குழியில் முயல் குட்டிகள்: தாய் விட்டுப் போகவில்லை

தங்கச்சி, கனடாவில் டொராண்டோவின் ஸ்கார்பரோவில் வாடகை வீட்டுப் பின்வளவில், புல்லுக்கு நடுவே ஒரு குழியும் அதற்குள் நான்கு முயல் குட்டிகளும் கிடப்பதாக எழுதியிருந்தீர்கள். இரண்டு நாளாகத் தாயைக் காணவில்லை, பால் கொடுத்துப் பிள்ளைகள் வளர்க்கலாமா என்று கேட்டீர்கள். வேண்டாம். எடுக்காதீர்கள், தாய் எங்கும் போகவில்லை.

இவை கொட்டன்டெயில் முயல்கள். தென் ஒன்ராறியோவில் வீட்டு வளவுகளில் காண்பது பெரும்பாலும் இவைதான். உடம்பு சாம்பல் கலந்த பழுப்பு, பிடரி செம்பட்டை, வாலின் அடி பஞ்சு போல வெள்ளை. ஊரில் வயல் வெளியில் பாய்ந்தோடும் காட்டு முயல் வேறு சாதி. அதன் குட்டி முழு மயிரோடும் திறந்த கண்ணோடும் பிறக்கும். கூட்டில் வைத்து வளர்க்கும் முயல் ஐரோப்பிய முயலின் வழி வந்தது. அதுவும் கொட்டன்டெயிலும் இணைந்து குட்டி போடாது. ஐரோப்பிய முயலைப் போல இது வளை தோண்டி வாழ்வதுமில்லை. புதருக்கடியிலும் வீட்டோடு ஒட்டிய மரமேடையான டெக்குக்குக் கீழேயும் பதுங்கும், மற்ற விலங்கு விட்டுப்போன வளையிலும் புகுந்துகொள்ளும்.

தோண்டுவது குட்டிகளுக்கான குழி மட்டும்தான். உள்ளங்கை அகலம், ஏறக்குறைய அரைச் சாண் ஆழம். உள்ளே காய்ந்த புல், அதன்மேல் தாய் தன் வயிற்றிலிருந்து பிடுங்கிய மயிர். மேலேயும் அதே மூடிதான். பக்கத்தில் நின்று பார்த்தால் காய்ந்துபோன புல்திட்டு என்றே தோன்றும். அதனால்தான் புல் வெட்டும் மெஷினில் இவ்வளவு குட்டிகள் அகப்படுகின்றன.

தாய் பகலில் வராததற்குக் காரணம் உண்டு. குட்டிகளில் மணம் மிகக் குறைவு, தாயில் அதிகம். அது குழியருகே இருந்தால் நரிக்கும் ரக்கூனுக்கும் பூனைக்கும் வழி காட்டியதாகிவிடும். ஆகவே இருட்டும் வேளையிலும் விடியுமுன்னும் வந்து, சில நிமிடம் குழிமேல் நின்று பால் கொடுத்துவிட்டுப் போய்விடும். பால் மிகக் கொழுப்பானது, இரண்டு வேளை போதும்.

சந்தேகமென்றால் இப்படிப் பாருங்கள். மாலையில் நூல் துண்டு நான்கைக் குழிமேல் குறுக்கும் நெடுக்குமாகப் போட்டுவிட்டு விலகுங்கள். மறுநாள் காலை நூல் கலைந்து, மூடி திரும்பப் போட்டிருந்தால் தாய் வந்து போயிருக்கிறது. நூல் அசையவில்லையென்றால் மெல்ல மூடியை நீக்குங்கள். மயிர் முளைக்காத சின்னக் குட்டியானால், குடித்த பால் வயிற்றுத் தோலுக்கூடாக வெள்ளையாகத் தெரியும். வயிறு உருண்டு, உடம்பு சூடாக இருந்தால் நல்லது. வயிறு ஒட்டி, தோல் சுருங்கி, உடம்பு குளிர்ந்திருந்தால் உதவி தேவை. மனிதக் கை பட்டால் தாய் ஒதுக்கிவிடும் என்பது பொய். ஆனாலும் கையுறை போடுங்கள், துலரீமியா என்ற நோய் முயலிலிருந்து மனிதருக்குத் தொற்றும்.

உதவி தேவையென்றால் மூடியில் ஓட்டை போட்ட கடதாசிப் பெட்டிக்குள் மெல்லிய துணி விரித்து, இருட்டான, சத்தமில்லாத இடத்தில் வைத்துவிட்டு டொராண்டோ வைல்ட்லைஃப் சென்டர் போன்ற மீட்பு நிலையத்தைக் கேளுங்கள். பசுப்பால் கொடுக்கவே கூடாது. குடல் தாங்காது, வயிறு ஊதிச் செத்துப்போகும். துளித்துளியாக ஊட்டினாலும் மூக்கில் ஏறி நுரையீரலுக்குப் போய்விடும். பிள்ளைகள் கையில் தூக்கிக் கொஞ்சும்போது அது அசையாமல் இருப்பது பயத்தால், பழகியதால் அல்ல. அந்தப் பயமே கொன்றுவிடும். காட்டு விலங்கை வீட்டில் வைத்து வளர்க்கச் சட்டமும் இடம் கொடுக்காது. பூனை வாய் வைத்த குட்டி என்றால், காயம் தெரியாவிட்டாலும் அன்றே கொண்டுபோக வேண்டும், பல்லிலுள்ள கிருமி உள்ளே போயிருக்கும்.

இனி வீட்டுக்காரர் புல் வெட்ட அனுப்பும் ஆட்கள். குழியைச் சுற்றி மூன்று மீட்டர் தள்ளி நான்கு தடி ஊன்றி, நிறக் கயிறு கட்டி, வீட்டுக்காரருக்கு இன்றே சொல்லிவிடுங்கள். அடுத்த வீட்டு நாய் வருமென்றால், பகலில் உடுப்புக் கூடையைக் கவிழ்த்து மேலே கல் வையுங்கள். பொழுது சாயுமுன் கட்டாயம் எடுத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் தாயால் பால் கொடுக்க முடியாது. குழி கலைந்துபோனால் அதே இடத்தில் புல்லையும் மயிரையும் போட்டுத் திருப்பி வையுங்கள். வேறு மூலைக்கு மாற்றினால் தாய் தேடிக் கண்டுபிடிக்காது.

இவ்வளவும் மூன்று கிழமைக்குத்தான். பிறந்து ஏழெட்டு நாளில் கண் திறக்கும், இரண்டு மூன்று கிழமையில் குழியை விட்டு வெளியேறும். டென்னிஸ் பந்தளவில், காது நிமிர்ந்து, உங்களைக் கண்டதும் ஓடுகிற குட்டி அநாதையல்ல, தன்பாட்டில் பிழைக்கிற முயல். துரத்திப் பிடிக்காதீர்கள். ஆனால் தாய் குட்டி போட்ட அன்றே திரும்பச் சினைப்படக்கூடியது, சினைக்காலம் 28 நாள் அளவு. ஆகவே செப்டெம்பர் வரை புல் வெட்டுமுன் ஒவ்வொரு முறையும் நடந்து பாருங்கள். குட்டி அதிகம்தான், ஆனால் பெரும்பாலானவை ஒரு வயதைக் காண்பதில்லை.

அவரையும் கீரையும் போட இருப்பதாகச் சொன்னீர்கள். கண் 2.5 சென்டிமீட்டருக்கு மேற்படாத கோழிவலையை 60 சென்டிமீட்டர் உயரத்துக்குக் கட்டி, அடியில் 15 சென்டிமீட்டரை மண்ணுக்குள் புதையுங்கள். புதைக்காவிட்டால் கீழால் நுழையும். பனிக்காலத்தில் பச்சை இல்லாதபோது மரப்பட்டையைக் கடிக்கும். இளம் அப்பிள் மரத்தில் பட்டை சுற்றிவரப் போய்விட்டால் மரம் பட்டுப்போகும். கம்பிவலையைத் தண்டோடு ஒட்டாமல் சுற்றுங்கள். உயரத்தை நிலத்திலிருந்து அளக்க வேண்டாம், ஸ்னோ எவ்வளவு குவியுமோ அதற்கு மேல் அரை மீட்டர் வேண்டும், முயல் அந்த ஸ்னோவின் மேல் ஏறி நின்றுதான் கடிக்கும்.