ஹவுஸ் ஒரு குடும்பமா? – வாசகர் கடிதம்

வணக்கம். நியூயார்க்கின் பால்ரூம் போட்டிகள், அங்கே ஃபேஷன் மாடல் போல நின்று காட்டி ஆடும் வோக் நடனம், அதில் போட்டியிடும் 'ஹவுஸ்' என்ற குழுக்கள் பற்றிய உங்கள் கட்டுரையைப் படித்தேன். கோப்பைக்காக ஆடும் ஒரு குழுவைக் குடும்பம் என்பது கொஞ்சம் அதிகம் இல்லையா? படுக்கையில் விழுந்தால் யார் வந்து பார்ப்பார்கள்? இன்னொன்று, இன்று எல்லாரும் ஆடும் ஒன்றை ஏன் கறுப்பினத்தவருடையது என்று அழுத்திச் சொல்கிறீர்கள்?
– ச.

அன்புள்ள ச.,

இரண்டாவது கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். ஹார்லெமில் 1920களிலேயே ஹாமில்டன் லாட்ஜ் என்ற கறுப்பினச் சங்கம் நடத்திய டிராக் பால்களுக்கு, அதாவது ஆண்கள் பெண் வேடமிட்டு வரும் நடன விழாக்களுக்கு, ஆயிரக்கணக்கில் கூட்டம் வந்தது. பின்னாளில் வந்த டிராக் அழகிப் போட்டிகளில் தீர்ப்பு வெள்ளையர் கையில் இருந்தது. 1967இல் நியூயார்க்கில் நடந்த அப்படியொரு போட்டியில் கறுப்பினப் போட்டியாளர் கிறிஸ்டல் லபேஜா மேடையை விட்டு இறங்கிப் போய், முடிவு முன்பே பேசி வைத்தது என்று கேமரா முன்னாலேயே சண்டை போட்டார். சில ஆண்டுகளில், லாட்டி என்ற தோழியோடு சேர்ந்து, பெண் வேடமிடும் கறுப்பின 'ராணி'களுக்காகவே ஒரு பால் நடத்தினார். ஹவுஸ் ஆஃப் லபேஜா அப்படிப் பிறந்தது. இன்று யார் வேண்டுமானாலும் ஆடட்டும். ஆனால் இடம் மறுக்கப்பட்டவர்கள் கட்டிய இடம் அது என்பதை எப்படி விட்டுவிட்டுப் பேசுவது?

இப்போது குடும்பம். ஒரு ஹவுஸுக்கு மதர் இருப்பார், ஃபாதர் இருப்பார். பிள்ளைகள் ஹவுஸின் பெயரையே தங்கள் பெயரோடு சேர்த்துக்கொள்வார்கள். தன்பாலீர்ப்பாளர், திருநங்கை என்பதற்காக வீட்டைவிட்டுத் துரத்தப்பட்டவர்கள் அதில் நிறைய. கோப்பைக்காகத்தான் ஆடுகிறார்கள், சரி. ஆனால் 'ரியல்னெஸ்' என்ற போட்டிப் பிரிவைப் பாருங்கள். ஒரு அலுவலக அதிகாரியாக, பள்ளி மாணவனாக, அல்லது சாதாரணப் பெண்ணாக, யாருக்கும் சந்தேகம் வராதபடி நடந்து காட்ட வேண்டும். மேடையில் தோற்றால் கோப்பை போகும். இரவு சப்வேயில் தோற்றால் அடி விழும், உயிரே போகலாம். நடையையும் உடையையும் பார்த்து மதர் போடும் திட்டு வெறும் போட்டிப் பயிற்சி இல்லை.

படுக்கையில் விழுந்தால் என்று கேட்டீர்கள். எய்ட்ஸ் காலம் அதைச் சோதித்தே பார்த்துவிட்டது. நியூயார்க்கில் எய்ட்ஸ் பணியில் இருந்த ஜிஎம்ஹெச்சி அமைப்பு, 1990ஐ ஒட்டிய ஆண்டுகளில், பால்ரூம் ஆட்களிடம் நோய்த் தடுப்பு பற்றிப் பேச ஹவுஸ் ஆஃப் லேடெக்ஸ் என்று தானே ஒரு ஹவுஸைத் தொடங்கியது. துண்டுப் பிரசுரத்தால் முடியாததை ஹவுஸ் வழியாகச் செய்யலாம் என்று அவர்களுக்குப் புரிந்திருந்தது.

1988இல் ஹவுஸ் ஆஃப் எக்ஸ்ட்ராவகான்சாவைச் சேர்ந்த வீனஸ் என்ற திருநங்கை ஒரு ஹோட்டல் அறையில் கொலையுண்டு கிடந்தபோது, போலீஸ் படத்தோடு வந்து நின்றது அவருடைய ஹவுஸ் மதர் ஆஞ்சியிடம். உடலை அடையாளம் காண யாரும் வராததால் எரித்துவிட இருந்தார்களாம். பெற்ற வீட்டுக்குச் செய்தி சொன்னதும் ஆஞ்சிதான். (அது பெரும்பாலும் லத்தீன் மக்களின் ஹவுஸ், கறுப்பினத்தவர் தொடங்கியதில் அவர்களும் சீக்கிரமே சேர்ந்துகொண்டார்கள்.)

இதையெல்லாம் சொல்வதால் ஹவுஸ்களில் எல்லாம் பாலும் தேனும் என்று நினைத்துவிடாதீர்கள். பொறாமை உண்டு, கோபித்துக்கொண்டு வேறு ஹவுஸுக்குத் தாவுவது ரொம்ப சகஜம். எந்தக் குடும்பத்தில் சண்டை இல்லை, சொல்லுங்கள்?

அப்புறம், ஹவுஸுக்குப் போனவர்கள் எல்லாரும் பெற்றவர்களை விட்டுப் போனவர்கள் என்றும் இல்லை. வோக் நடனத்தை உலக மேடைகளுக்குக் கொண்டுபோன வில்லி நின்ஜா, ஆணாக இருந்தும், ஒரு ஹவுஸின் மதராக இருந்தவர். பார்க்கின்சன் நோயால் அவதிப்பட்ட தன் தாயையும் அவர்தான் கவனித்துக்கொண்டார்.