துளசிக்கும் எலுமிச்சைப்புல்லுக்கும் யூரியா போட்டால் எண்ணெய் குறைந்துவிடுமா?

பாலக்கோடு பக்கம் இளம் மாந்தோப்பில் ஊடுபயிராகத் துளசியும் எலுமிச்சைப்புல்லும் வைத்திருக்கிறீர்கள். யூரியா போட்டால் தழை கூடும், ஆனால் எண்ணெய் போய்விடும் என்று பக்கத்துத் தோட்டத்துக்காரர் சொன்னாராம். உண்மையா என்று கேட்கிறீர்கள்.

பாதி உண்மைங்க. யூரியா தருவது தழைச்சத்து (நைட்ரஜன்). அது கூடினால் இலை மளமளவென்று வளரும், எண்ணெயின் சதவீதம் கொஞ்சம் இறங்கலாம். ஆனால் நமக்குக் காசு வருவது சதவீதத்துக்கு இல்லை, கேனில் சேரும் எண்ணெய்க்கு. ஒரு கணக்குக்குச் சொல்கிறேன்: ஆயிரம் கிலோ தழையில் 0.5 சதவீதம் என்றால் 5 கிலோ எண்ணெய். தழை 1,500 கிலோவாகி 0.4 சதவீதத்துக்கு இறங்கினாலும் 6 கிலோ, லாபம்தான். அதுவே 0.3 ஆகிவிட்டால் 4.5 கிலோ. அறுப்புக் கூலியும் எண்ணெய் வடிக்க விறகும் கூடுதலாகச் செலவழித்து நஷ்டப்படுவோம். அதனால் உரத்தை வெறுக்கவும் வேண்டாம், அள்ளிக் கொட்டவும் வேண்டாம்.

நம் செம்மண்ணில் மணல் அதிகம், யூரியாவை ஒரே தடவையில் போட்டால் தண்ணீரோடு கீழே இறங்கிவிடும். நடவுக்கு முன் நன்றாக மக்கிய தொழுவுரம் போடுங்கள். ஆட்டுக்கிடை போட முடிந்தால் இன்னும் நல்லது. மணிச்சத்தும் (பாஸ்பரஸ்) சாம்பல்சத்தும் (பொட்டாஷ்) அடியுரமாகவே போகட்டும். யூரியாவை மட்டும் பிரித்து, ஒவ்வொரு அறுப்பு முடிந்து புதுத்துளிர் வரும்போது ஈர மண்ணில் கொடுங்கள். அறுப்புக்குச் சில நாள் முன்பு போடுவது வீண். அளவை அக்கம்பக்கத்தில் கேட்டுப் போடாதீர்கள், பாப்பாரப்பட்டி வேளாண் அறிவியல் நிலையத்தில் விசாரித்து மண் பரிசோதனை செய்து, அதன்படி போடுங்கள்.

தோட்டத்தில் சுக்கான்கல் (சுண்ணாம்புக்கல்) கிடக்கிற இடம் இருக்கிறதா? அங்கே எலுமிச்சைப்புல்லின் புது இலைகளைப் பாருங்கள். நரம்பு பச்சையாக இருந்து, இடைப்பகுதி வெளிறி மஞ்சளாக வந்தால் அது இரும்புச்சத்துக் குறை. பலர் தழைச்சத்துக் குறை என்று நினைத்து மறுபடி யூரியாவே போடுகிறார்கள், மனசு கேட்கவில்லை. லிட்டர் தண்ணீருக்கு 5 கிராம் அன்னபேதி உப்பு (இரும்பு சல்பேட்), கொஞ்சம் எலுமிச்சைச் சாறு கலந்து சாயங்காலம் தெளியுங்கள். தேவைப்பட்டால் பத்து நாள் கழித்து இன்னொரு முறை.

அப்புறம் நிழல். துளசி இலையை உருப்பெருக்கிக் கண்ணாடியில் பார்த்தால் மினுமினுக்கும் சின்னச் சின்னப் புள்ளிகள் தெரியும், எண்ணெய் அதில்தான் இருக்கிறது. வெயில்தான் அதை நிரப்பும். மாமரம் பெரிதாகி நிழல் கட்டினால் எந்த உரமும் ஈடு செய்யாது. துளசியைப் பூ நன்றாக வந்த பிறகு அறுங்கள், தரையை ஒட்டி வெட்டாமல் ஒரு சாண் விட்டு. மழை பெய்த மறுநாள் அறுக்காமல் இரண்டு மூன்று நாள் வெயில் அடிக்க விடுங்கள். அறுத்த புல்லை நிழலில் ஒரு நாள் வாட விட்டால் எண்ணெய் வடிக்கும் கொப்பரையில் அதிகம் பிடிக்கும், விறகும் மிச்சம்.

எண்ணெய் எடுத்த சக்கையை எரிக்காதீர்கள். அதை ஆற வைத்து, பாத்திகளுக்கு நடுவில் மூடாக்காகப் பரப்புங்கள், அல்லது சாணக்கரைசல் தெளித்து மக்க வையுங்கள். மண்ணில் இருந்து பயிர் எடுத்த சத்தில் ஒரு நல்ல பங்கு அந்தச் சக்கையில்தான் இருக்கிறது.