கல் என்று சொல்லி வைத்திருக்கிறோம்

அன்புள்ள அக்கா,

எனக்கு 26 வயது. கடலூர் மஞ்சக்குப்பத்தில் வீடு. போன தீபாவளி சமயத்தில் சிறுநீரில் ரத்தம் வந்தது. வலி இல்லை. உடம்புச் சூடு என்றார் அம்மா. இளநீர், மோர், வெந்தயம் எல்லாம் ஆனது, நின்றும் விட்டது. ஒரு மாதம் கழித்து மறுபடி வந்தது. வீட்டுக்குப் பக்கத்துக் கிளினிக்கில் யூரின் இன்ஃபெக்ஷன் என்று மூன்று முறை மாத்திரை எழுதிக்கொடுத்தார்கள். கடைசியில் ஸ்கேன் எடுத்தபோது சிறுநீர்ப்பைக்குள் 2 சென்டிமீட்டர் கட்டி. புதுச்சேரியில் எடுத்துவிட்டார்கள். பயாப்சியில் கேன்சர் என்று வந்திருக்கிறது. ஆனால் லோ கிரேடு, மேலாகத்தான் இருக்கிறது, மூன்று மாதத்தில் ட்யூப் விட்டுப் பார்க்க வேண்டும் என்கிறார்கள்.

ஓ.பி. வரிசையில் என்னைத் தவிர எல்லோரும் தாத்தாக்கள். “யாருக்குத் துணையா வந்திருக்கம்மா?” என்று கேட்கிறார்கள். நான் சிகரெட் பிடித்தவள் இல்லை. சிப்காட் ரசாயன ஆலைகளின் காற்றால் வந்திருக்குமா? வீட்டில் ஜாதகம் எடுத்திருக்கிறார்கள். வெளியில் எல்லோரிடமும் கிட்னியில் கல் என்று சொல்லி வைத்திருக்கிறோம். உண்மை தெரிந்தால் கர்ப்பப்பையில் ஏதோ கோளாறு என்று ஊர் பேசும் என்பது அம்மாவின் பயம். சொல்லலாமா, கூடாதா அக்கா?

(பெயர் வேண்டாம்), கடலூர்

அன்புள்ள தங்கைக்கு,

அக்கா என்று கூப்பிட்டுவிட்டாய், அதனால் நீ என்றே எழுதுகிறேன். உன் கடிதத்தை இரண்டு நாள் கையில் வைத்துக்கொண்டிருந்தேன். 31 வயதில் எனக்கும் இதே நோய் வந்தது. நாங்களும் கல் என்றுதான் சொன்னோம்.

முதலில் ரிப்போர்ட். அது கேன்சர்தான், அதில் உன்னை ஏமாற்ற மாட்டேன். ஆனால் சிறுநீர்ப்பையின் உள்பக்கத் தோலில் மட்டும் முளைத்து, அதற்கடுத்த அடுக்கிலும் தசையிலும் இறங்காத வகை. அதிலும் லோ கிரேடு, மெதுவாக வளரும் ரகம். இந்த வகை திரும்பத் திரும்ப முளைக்கும் குணமுள்ளது. ஆழமாக இறங்குவதும் பரவுவதும் அபூர்வம். அதனால்தான் ட்யூப் சோதனையைத் தவறவிடக் கூடாது. மூன்றாம் மாதம் சுத்தமாக இருந்தால், உன் வகைக்கு அடுத்த சோதனைகளின் இடைவெளி பெரும்பாலும் நீண்டுவிடும். அந்த வரிசையில் தாத்தாக்கள் நிற்பதும் சரிதான், பெரும்பாலும் 65, 70 வயதுக்கு மேல் வருகிற நோய் இது. 40-க்குக் கீழே வருவது அரிது. வந்தாலும் பெரும்பாலும் உன்னுடையதைப் போல அடங்கிய வகையாகத்தான் இருக்கும்.

சிப்காட் பற்றிக் கேட்டாய். குடிகாடு பக்கம் ராத்திரியில் வரும் நெடி எனக்கும் தெரியும். நல்ல காற்றைக் கேட்பது அங்கே இருப்பவர்களின் உரிமை, அதை என்றைக்கும் கேட்க வேண்டும். ரசாயனத்துக்கும் இந்த நோய்க்கும் தொடர்பு உண்டு என்பதும் பழைய விஷயம். ஜெர்மனியில் லுட்விக் ரேன் என்ற அறுவை மருத்துவர் சாயத் தொழிற்சாலை ஆட்களிடம் 1895-லேயே இதைக் கண்டு சொன்னார். ஆனால் அவர்கள் வருடக்கணக்கில் அந்தச் சரக்கைக் கையால் தொட்டும் மூக்கால் இழுத்தும் வேலை செய்தவர்கள். மஞ்சக்குப்பத்தில் வீட்டுக்குள் இருந்த ஒரு பெண்ணுக்கு எதனால் வந்தது என்று யாராலும் விரல் நீட்டிச் சொல்ல முடியாது. புகையிலைதான் பெரிய காரணம், ஏறக்குறைய பாதிப் பேருக்கு அதனால் வருகிறது. உனக்கு அதுவும் இல்லை. ஏன் வந்தது என்று ராத்திரியெல்லாம் தோண்டிக்கொண்டிருக்காதே. நான் ஒரு வருடம் தோண்டினேன், ஒன்றும் கிடைக்கவில்லை.

சரி, கல்லுக்கு வருகிறேன்.

எனக்கு வந்தது ஹை கிரேடு, வேகமாக வளரும் ரகம், அடுத்த அடுக்கு வரை இறங்கியிருந்தது. தசைக்குப் போகவில்லை. கட்டியை எடுத்த பிறகு வாரம் ஒரு தடவை, ஆறு வாரம் பி.சி.ஜி. மருந்து. நம் எல்லோர் தோளிலும் தழும்பு இருக்கிறதே, காசநோய்க்குப் போடும் அதே பி.சி.ஜி.தான். நம் கிண்டியில் அதற்கென்றே 1948-ல் ஆய்வகம் தொடங்கினார்கள். அதைச் சிறுநீர்ப்பைக்குள் விட்டால் கட்டி திரும்ப வருவது குறைகிறது என்று 1976-ல் கனடாவில் மொராலெஸ் என்ற மருத்துவர் எழுதினார். ட்யூப் வழியாக உள்ளே விட்டுவிட்டு, இரண்டு மணி நேரம் அடக்கி வைத்திருக்கச் சொல்வார்கள். கால் மணிக்கு ஒரு தடவை இடப்பக்கம், வலப்பக்கம், குப்புற, மல்லாக்க என்று புரண்டு படுக்க வேண்டும், மருந்து எல்லாச் சுவரிலும் படுவதற்காக. எதிரே சுவரில் ஒரு கடிகாரம். நொடி முள்ளை மட்டும் பார்த்துக்கொண்டிருப்பேன். கடைசி அரை மணி நேரம் அடிவயிறு நெருப்பாகக் காந்தும்.

வீட்டுக்கு வந்த பிறகு ஆறு மணி நேரம், ஒவ்வொரு தடவை சிறுநீர் கழித்ததும் பிளீச்சிங் போட்டுக் கால் மணி நேரம் விட்டுத்தான் தண்ணீர் ஊற்ற வேண்டும். உயிருள்ள கிருமி அல்லவா. கணவருக்கு மட்டும்தான் விஷயம் தெரியும், அவர்தான் போடுவார். மாமியார் ஒருநாள் பாத்ரூம் வாசலில் நின்று, “கல்லுக்கு எதுக்குப்பா பிளீச்சிங்?” என்று கேட்டார். இவர் ஏதோ சொல்லிச் சமாளித்தார். உள்ளே உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்த எனக்கு, வலியைவிட அந்தப் பொய்தான் தாங்கவில்லை.

பக்கத்து வீட்டு அக்கா வாரா வாரம் வாழைத்தண்டு வாங்கி, நார் எடுத்து, பொடியாக அரிந்து, மோரில் போட்டுக் கொண்டுவந்து கொடுப்பார். கல் கரையுமாம். எட்டு மாதம் குடித்தேன். அவ்வளவு பிரியத்தோடு அவர் கொடுத்ததெல்லாம் என்னிடம் இல்லாத ஒரு நோய்க்கு. நெல்லிக்குப்பத்தில் இருக்கும் என் சொந்த அக்காவும் கல் என்றே நினைத்திருந்தாள். ஒருநாள் வந்தவள் பீரோ மேல் இருந்த ஃபைலைப் பிரித்துவிட்டாள். திட்டவில்லை. தரையில் உட்கார்ந்துகொண்டு, “கல்லுக்காடி நான் இத்தனை வெள்ளிக்கிழமை விளக்கு போட்டேன்?” என்று அழுதாள். அந்த ராத்திரி அவள் மடியில் தலை வைத்துத் தூங்கினேன். பல மாதம் கழித்து முழுசாகத் தூங்கியது அன்றைக்குத்தான்.

உன் ஊர்க் கதைதான் ஒன்று. அப்பர் திருப்பாதிரிப்புலியூர்ச் சமண மடத்தில் பெரிய ஆளாக இருந்தபோது சூலை நோய், கொடிய வயிற்று வலி, வந்தது. மடத்து வைத்தியம் எதற்கும் கேட்கவில்லை. அவர் முதலில் செய்த காரியம், திருவதிகையில் இருந்த அக்கா திலகவதிக்கு ஆள் அனுப்பிச் சொன்னது. நான் அங்கு வரமாட்டேன் என்றார் அக்கா. ராத்திரியோடு ராத்திரியாக இவரே கிளம்பிப் போனார். பதிகமும் கோயிலும் அதற்குப் பிறகு. சின்ன வயதிலிருந்து கேட்ட கதை. அந்த அக்கா எவ்வளவு பெரிய விஷயம் என்று என் அக்கா மடியில்தான் புரிந்தது.

அதனால் சொல். ஊருக்கெல்லாம் சொல்ல வேண்டியதில்லை. உனக்காக அழக்கூடிய இரண்டு மூன்று பேருக்குச் சொல்.

அம்மாவின் பயத்தை நான் குறைத்துப் பேச மாட்டேன். இதுவும் பை, அதுவும் பை, பேரில்தான் குழப்பம். சிறுநீர்ப்பை வேறு, கர்ப்பப்பை வேறு. கட்டியை எடுத்தது சிறுநீர் வரும் வழியாகவே, கர்ப்பப்பையைத் தொடவே இல்லை. அம்மாவையும் அடுத்த தடவை டாக்டர் அறைக்குள் கூட்டிப் போய், இதை டாக்டர் வாயால் கேட்க வை. குழந்தை பற்றிய கேள்வியையும் அம்மா முன்னாலேயே கேள்.

ஜாதகம் பொருந்தினால், நிச்சயத்துக்கு முன்னால் அந்தப் பையனிடம் நீயே சொல்லிவிடு. தரகர் மூலமாக வேண்டாம், உன் வாயால், ரிப்போர்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு. இரண்டு இடம் தட்டிப் போகலாம். மனசு நோகும், தெரியும். கல்யாணமான பிறகு ஒவ்வொரு சோதனைக்கும் கிளம்பும்போது எங்கே போகிறாய் என்று கேட்கிற வீட்டில் கல் கதையைத் தொடர்வது அதைவிடக் கொடுமை. நான் அதைச் செய்தவள்.

இதைப் படிக்கிற மற்றவர்களுக்கும் ஒரு வார்த்தை. நீர்க்கடுப்பு என்றால் எரியும், வலிக்கும். வலியே இல்லாமல் சிறுநீரில் ரத்தம் வந்தால், ஒரே ஒரு தடவை வந்து தானாக நின்றிருந்தாலும், சூடு என்று விட்டுவிடாதீர்கள். பெண்கள் மாதவிலக்கு என்றும் இன்ஃபெக்ஷன் என்றும் நினைத்து மாதக்கணக்கில் தள்ளிப்போடுகிறோம். சிறுநீரில் கிருமி இருக்கிறதா என்று பார்க்கும் கல்ச்சர் சோதனையில் இல்லை என்று வந்தும் ரத்தம் நிற்கவில்லையா, அடுத்த மாத்திரைக்கு முன்னால் ஸ்கேன் கேளுங்கள். தேவைப்பட்டால் ட்யூப் விட்டு உள்ளே பார்க்கவும் சொல்லுங்கள்.

தங்கை, உன் சோதனைத் தேதியை எனக்கு எழுது. காலையில் கடலூரிலிருந்து பாண்டி பஸ் ஏறினால் ரெட்டிச்சாவடி, அரியாங்குப்பம் தாண்டி ஒரு மணி நேரத்துக்குள் வந்துவிடலாம். பஸ் ஸ்டாண்டில் நான் நிற்கிறேன். அந்த வரிசையில் யாருக்குத் துணையா வந்திருக்கம்மா என்று இனி கேட்டால், என்னைக் கேட்கட்டும்.

அன்புடன்,
அக்கா
புதுச்சேரி